அப்பாவின் எட்டு பேஸ்

1946. பிரேசிலின் வடகிழக்கில், பெர்னாம்புகோ மாநிலத்து எஷு. ராத்திரி வேளை, வாசலில் யாரோ கூப்பிடும் சத்தம். ஜனுவாரியோ விளக்கோடு வந்து பார்க்கிறார், ஆள் அடையாளம் தெரியவில்லை. வந்திருப்பது 16 வருஷம் முன்பு வீட்டை விட்டுப் போன மகன், லூயிஸ் கொன்சாகா. இதற்குள் ரியோ ரேடியோவில் அக்கார்டியன் வாசித்துப் பெயர் வாங்கிவிட்டவர். இந்தக் கதையை அவரே மேடையில் சொல்வார். கூட்டம் சிரிக்கும், எனக்குத் தொண்டை அடைக்கும்.

ஜனுவாரியோ விவசாயி. அக்கார்டியன் பழுது பார்ப்பார், ஊர் ஆட்டங்களுக்கு வாசிப்பார். மகன் பக்கத்தில் இருந்தே கற்றுக்கொண்டான். 1930இல் ஊரை விட்டுப் போனவன் ராணுவத்தில் சேர்ந்தான். 1939இல் அதையும் விட்டு ரியோவுக்கு. அங்கே மதுக்கடைகளில் டாங்கோவும் வால்ட்ஸும் வாசித்துச் சில்லறை வாங்கினார். சியாரா மாநிலத்து மாணவர்கள் சிலர், "நம்ம ஊர்ப் பாட்டு வாசிங்க" என்றார்கள். கைவிட்டுப்போன மெட்டுகளை வீட்டில் உட்கார்ந்து தேடி எடுத்து, திரும்ப வந்து வாசித்தார். தட்டு நிறைந்தது. 1941இல் ஆரி பரோசோவின் ரேடியோ போட்டியில் முழு மதிப்பெண் கொடுத்ததும் அந்த வாசிப்புக்குத்தான்.

அப்புறம் பையாவ், வடகிழக்கின் ஆட்ட இசை. அக்கார்டியன், சபும்பா மேளம், இரும்பு முக்கோணம், மூன்றே கருவி. 1947இல் உம்பெர்ட்டோ டெய்ஷெய்ராவோடு சேர்ந்து செய்த 'ஆசா பிராங்கா' பஞ்சத்தின் பாட்டு. மழையில்லாமல் புறாவும் பறந்துபோன ஊரிலிருந்து ஒருவன் கிளம்புகிறான், பச்சை திரும்பினால் நானும் வருவேன் என்று காதலிக்கு வாக்குக் கொடுத்துவிட்டு. பிரேசில்காரர்களுக்கு இது மனப்பாடம்.

எனக்கு நெருக்கமானது 'ரெஸ்பெய்ட்டா ஜனுவாரியோ'. 120 பேஸ் பொத்தான் (இடது கைக்கான கீழ்ச்சுரப் பொத்தான்) வைத்த பெரிய வாத்தியத்தோடு ஊர் திரும்பியவரிடம், உன் அப்பாவுக்கு மரியாதை கொடு என்கிறது ஊர். அப்பாவிடம் இருந்தது வெறும் எட்டு பேஸ்.

மெல்லிசைக் குழுவில் பியானோ அக்கார்டியன் வாசிக்கிறவன் நான். என் வாத்தியத்தில் துருத்தியை இழுத்தாலும் தள்ளினாலும் ஒரு கட்டைக்கு ஒரே சுரம். போன மாதம் நண்பர் ஒருவரின் எட்டு பேஸை மடியில் வைத்துப் பார்த்தேன். அதே பொத்தானை அழுத்தினால் இழுக்கும்போது ஒரு சுரம், தள்ளும்போது வேறு சுரம். விரல் சரியாக விழுந்தும், காற்றின் திசை மாறினால் மெட்டு உடைந்துபோகிறது. ஒரு மணி நேரத்தில் நாலு சுரம் ஒழுங்காக வரவில்லை. ஜனுவாரியோ இதை வைத்துக்கொண்டு விடிய விடிய ஊரையே ஆடவைத்திருக்கிறார்.

வாத்தியத்தை இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை. இன்னொரு மாதம் கேட்டிருக்கிறேன்.