கருமத்தம்பட்டியில் ஆயரானவர்

கோவைக்கும் அவிநாசிக்கும் இடையே நெடுஞ்சாலையில் இருக்கிற கருமத்தம்பட்டிக்குப் பெரும்பாலும் எல்லோரும் செபமாலை மாதாவைப் பார்க்கத்தான் போகிறோம். நானும் அப்படித்தான் போனேன். அக்டோபர் தேர்த் திருவிழா சமயத்தில் உள்ளே கால் வைக்க இடமிருக்காது என்பதால் சாதாரண நாளாகப் பார்த்துப் போனது நல்லதாகப் போயிற்று. எனக்கு முன்னால் நின்ற ஓர் அம்மா, மடியிலிருந்து மல்லிகைச் சரத்தை எடுத்து வைத்துவிட்டு, "கூலிப் பேச்சு நல்லபடியா முடியோணும் தாயே" என்றார். பக்கத்துச் சோமனூர் விசைத்தறிக்காரராக இருக்க வேண்டும். இந்த வட்டாரத்தில் தறிக்கூலியும் மாதாவிடம் சொல்கிற விஷயம்தான்.

ஆனால் அன்று என் மனம் முழுக்க, கோவைப் பகுதிக்கு ஆயராக (பிஷப்பாக) இருந்த பிரெஞ்சுக்காரர் மரியோன் பிரெசிலாக் ஆண்டகைதான் இருந்தார். 1846 அக்டோபர் 4 அன்று அவர் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டது கோவையில் அல்ல, இந்தக் கருமத்தம்பட்டியில். அப்போது அவருக்கு வயது 32.

தென் பிரான்சின் காஸ்தெல்நோதரி என்ற ஊரில் 1813-ல் பிறந்தவர். பாரிஸ் வேதபோதக சபையில் சேர்ந்து 1842-ல் கப்பலேறிப் புதுச்சேரி வந்தார். அங்கே குருக்களாகப் போகிறவர்கள் படிக்கும் குருமடத்தைப் பார்த்துக்கொண்டவர், சீக்கிரமே கோவைப் பகுதியின் பொறுப்புக்கு வந்தார். அவருக்கு இருந்த ஒரே பிடிவாதம், இந்த மண்ணின் பையன்களே குருக்களாகி இந்தத் திருச்சபையை நடத்த வேண்டும் என்பது. வெள்ளைக்காரக் குருக்கள் வந்து போகிறவர்கள், ஊர்க்காரர்தான் நிலைத்து நிற்பார் என்று நினைத்தார். ஆங்கிலேயர் ஆண்ட காலத்தில் ஒரு ஐரோப்பிய ஆயர் இப்படி நினைத்தது சின்ன விஷயமா? கூட இருந்த மிஷனரிகள் பலருக்கே அது பிடிக்கவில்லை.

அப்புறம் சாதி. கிறித்தவர்களான பிறகும் தொடர்ந்த உள்ளூர், சாதி வழக்கங்களை மலபார் சடங்குகள் என்பார்கள். அவற்றைக் கட்டுப்படுத்தி 1744-ல் பாப்பரசர் பதினான்காம் ஆசீர்வாதப்பர் போட்ட ஆணையைக் கடைப்பிடிப்பதாக அந்தக் கால மிஷனரிகள் சத்தியம் செய்ய வேண்டியிருந்தது. கோயிலுக்குள்ளேயே சாதி வழக்கங்கள் நடந்துகொண்டிருந்தன. அவற்றைப் பொறுத்துக்கொண்டால் அந்தச் சத்தியம் என்ன ஆவது என்ற கேள்வி அவரை அரித்தது. உரோமைக்கே போய் விளக்கம் கேட்டார். மனம் ஆறவில்லை. 1855-ல் அவருடைய பதவி விலகல் ஏற்கப்பட்டது. பதவியை விட்டதைத் தோல்வி என்று சிலர் எழுதுவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மனசாட்சி உறுத்தும்போது நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்காராதவரை எப்படித் தோற்றவர் என்பது?

பலிபீடத்துக்கு எதிரே முழந்தாளிட்டு ஒரு ஐம்பத்து மூன்று மணி செபமாலை சொன்னேன். துக்கத் தேவ இரகசியம் சொல்லும்போதெல்லாம் அவருடைய கடைசி நாட்களே கண்முன் வந்தன.

பதவியை விட்ட பிறகு, 1856 டிசம்பர் 8-ல் பிரான்சின் லியோன் நகரில் உள்ள ஃபூர்வியேர் மாதா கோயிலில், ஆப்பிரிக்க மறைபரப்புச் சபையைத் தொடங்கினார். 1859 மே 14-ல் சியேரா லியோனின் ஃப்ரீடவுன் துறைமுகத்தை அடைந்தார். கரையில் மஞ்சள் காய்ச்சல் பரவியிருந்தது, இறங்காதீர்கள் என்று எச்சரித்தார்கள். இறங்கினார். அவரோடு பணிக்கு வந்திருந்தவர்கள் ஜூன் மாதத்தில் ஒருவர் பின் ஒருவராகச் சாய்ந்தார்கள். ஜூன் 25 அன்று அவரும் போய்விட்டார். ஆப்பிரிக்க மண்ணில் அவர் இருந்தது ஆறே வாரம்.

2020-ல் திருத்தந்தை பிரான்சிஸ் அவரை, புனிதர் பட்டத்துக்கான வழியில் ஒரு படியாக, வணக்கத்துக்குரியவராக அறிவித்தார். அடுத்த படியான அருளாளர் பட்டத்துக்கு இனி அவர் பரிந்துரையால் நடந்த ஒரு புதுமை (அற்புதம்) நிரூபிக்கப்பட வேண்டும். கருமத்தம்பட்டி போகிறவர்கள் மாதாவிடம் சொல்ல வேண்டியதைச் சொன்ன பிறகு, அவர் பெயரைச் சொல்லியும் ஒரு பரலோக மந்திரம் சொல்லலாம். அவர் தொடங்கிய சபையில் இன்று இந்தியக் குருக்களும் இருக்கிறார்கள், ஆப்பிரிக்காவுக்குப் போய்ப் பணி செய்கிறார்கள்.