பிற்பாட்டு இல்லாத மேடை

வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளை மாணவர் மன்றம். வாங்குகளைச் சுவரோடு தள்ளி, மேசையொன்றை முன்னால் இழுத்துப்போட்டு, தலைவர், செயலாளர், கூட்டறிக்கை வாசிப்பு என்று முறைப்படி நடக்கும். மட்டக்களப்புப் பிள்ளைகள் பலருக்கும் முதன்முதலில் பேச எழுந்து முழங்கால் நடுங்கியது அந்த மேசைக்குப் பக்கத்தில்தான். பிறகு தமிழ்த் தினப் பேச்சுப் போட்டி வரும். பாடசாலையில் வென்றால் வலயம், அதிலும் வென்றால் மாகாணம், அதற்கும் மேலே அகில இலங்கை. பயிற்சி எங்கும் ஒரே மாதிரி: ஆசிரியர் எழுதித் தருவார், பிள்ளை பாடமாக்கும், பின்வாங்கிலிருந்து “இன்னும் சத்தமா” என்று குரல் வரும்.

1956 முதல் 1989 வரை மட்டக்களப்பின் பாராளுமன்ற உறுப்பினராக இருந்த செ. இராசதுரையை ஊர் ‘சொல்லின் செல்வர்’ என்றே அழைத்தது. அந்தக் கால மேடைகளைக் கேட்டு வளர்ந்தவர்கள் எழுதித் தந்த பேச்சுகளில் அடுக்குமொழி இல்லாமல் இருக்குமா? மோனை நினைவுக்கு உதவும், உண்மைதான். ஆனால் ஒரே எழுத்தில் தொடங்கும் ஐந்தாவது சொல் வரும்போது கேட்பவர் பொருளை விட்டுவிட்டு, ஆறாவது என்னவாக இருக்கும் என்று பார்த்துக்கொண்டிருப்பார்.

கேட்பவரின் காதை அறிந்த ஆசான்கள் நம் ஊரில் கூத்துக் களரியில் இருந்தார்கள். வடமோடி, தென்மோடி என்ற இரு கூத்துப் பாணியிலும், ஆடுபவர் பாடியதைப் பிற்பாட்டுக்காரர் திருப்பிப் பாடுவார்கள். வட்டக்களரியில் சனம் நாலாபக்கமும் இருக்கும். ஆடுபவர் அந்தப் பக்கம் திரும்பியபோது இந்தப் பக்கத்தாருக்குத் தவறிய சொல் பிற்பாட்டில் கிடைத்துவிடும். அதே நேரத்தில் ஆடுபவர் மூச்சு வாங்குவார், அடுத்த அடியையும் மனத்தில் எடுத்துக்கொள்வார். மேடைப் பேச்சாளருக்குப் பிற்பாட்டு இல்லை. இந்த மூன்று வேலையையும் அவரே செய்தாக வேண்டும்.

முதல் வேலை எழுத்தில் தொடங்குகிறது. போட்டிப் பேச்சுகளில் வழக்கமாக வரும் வசனம் ஒன்றைப் பாருங்கள்:

“மட்டக்களப்பு வாவியின் சூழல் மாசடைவதற்குக் காரணமாக அமைகின்ற பிளாஸ்டிக் கழிவுகளை அகற்றும் பணியில் மாணவர்களாகிய நாம் ஈடுபடவேண்டியது காலத்தின் கட்டாயமாகும்.”

தாளில் இதில் ஒரு பிழையும் இல்லை. தமிழில் வினை கடைசியில் வருவதால், அது வரும்வரை முன்னே சொன்ன அத்தனையையும் கேட்பவர் தலையில் சுமந்துகொண்டிருக்க வேண்டும். வாசிப்பவர் திரும்பி மேலே பார்க்கலாம், கேட்பவரால் முடியாது. மேடைக்கு இதை உடைக்க வேண்டும்: “கல்லடிப் பாலத்தில் நின்று கீழே பாருங்கள். மிதப்பது மீன் அல்ல. ஷொப்பிங் பேக். அதைப் போட்டதும் நாங்கள்தான். அள்ளுவதும் நாங்கள்தான்.” ஒவ்வொரு வசனமும் ஒரு மூச்சுக்குள் முடிகிறது. கடைசி இரண்டில் ‘நாங்கள்தான்’ திரும்ப வருகிறது. அதுதான் இங்கே பிற்பாட்டு.

அளவும் தெரிய வேண்டும். நிறுத்தி நிதானமாகப் பேசினால் ஒரு நிமிடத்தில் 80 முதல் 90 தமிழ்ச் சொற்கள் போகும். ஐந்து நிமிடத்துக்கு 400 தாராளம். 600 சொல் எழுதிவிட்டு வேகமாகச் சொல்லி முடிப்போம் என்றால், முதலில் பலியாவது நிறுத்தங்கள். வசன முடிவில் ஒரு செக்கன், பந்தி முடிவில் இரண்டு அல்லது மூன்று செக்கன் விட வேண்டும். மேடையில் நிற்பவருக்கு மூன்று செக்கன் மூன்று நிமிடம்போல் இருக்கும். சபைக்கு அது சரியான அளவுதான். இதை ஒலிப்பதிவு செய்து கேட்டால்தான் நம்புவார்கள்.

பாடமாக்குவதைப் பற்றி. சொல்லுக்குச் சொல் பாடமாக்கிய பேச்சில் ஒவ்வொரு சொல்லும் அடுத்த சொல்லை இழுத்துக்கொண்டு வரும். ஒரு கண்ணி அறுந்தால் மிச்சம் முழுவதும் போய்விடும். பிள்ளை மேலே பார்த்து, “ஆகவே… ஆகவே…” என்று நிற்பது அதனால்தான். தொடக்கத்தில் மூன்று வசனம், முடிவில் இரண்டு வசனம்: இவற்றை மட்டும் எழுத்துப் பிசகாமல் பாடமாக்கினால் போதும். நடுவில் உள்ளதை, தபாலட்டை அளவு மட்டையொன்றில் ஐந்து சொல்லாக, கை நீட்டிப் பிடித்தாலும் தெரியும் பருமனில் எழுத வேண்டும். பிறகு அந்த ஐந்து சொல்லை வைத்து ஒவ்வொரு முறையும் வேறு வேறு வசனத்தில் ஆறேழு தரம் சொல்லிப் பழக வேண்டும். மட்டையில் முழு வசனம் எழுதினால் கண் அங்கேயே ஒட்டிக்கொள்ளும்.

நடுக்கத்தை ஒழிக்க முடியாது, இடம் மாற்றலாம். பயம் வந்ததும் மூச்சு நெஞ்சுக்கு ஏறும், தோள் தூக்கும், குரல் கீச்சென்று போகும். பெயர் கூப்பிடுமுன் இருக்கையிலேயே மூச்சை மெதுவாக, முழுவதுமாக வெளியே விடுங்கள். உள்ளே இழுப்பது தானாக நடக்கும். வீட்டுப் பயிற்சிக்குப் பாயில் மல்லாந்து படுத்து, வயிற்றின் மேல் தடித்த புத்தகமொன்றை வைத்து, அது எழும்பும்படி மூச்செடுத்து, ‘ஸ்ஸ்’ என்று ஒரே சீராக விட வேண்டும். முதலில் 15 செக்கன் வந்தால் போதும். பழகினால் 25 வரும். கற்கண்டும் மிளகும் வாயில் போட்டால் குரல் திறக்கும் என்பார்கள். மனத்துக்கு ஆறுதல்தான். விழுங்குவது உணவுக்குழாயில் போகிறது, குரல்நாணை அது தொடுவதே இல்லை.

எழுத்தொலியில் அதிகம் கெடுவது ழ. ல வுக்கு நாக்கு நுனி மேற்பல்லின் பின்னே தொடும். ள வுக்கு நுனி வளைந்து அண்ணத்தைத் தொடும். ழ வுக்கு அதேபோல வளையும், ஆனால் தொடாது. ‘பள்ளம், பழம்’ என்று மாறி மாறிச் சொன்னால் தொடுவதும் தொடாததும் பிடிபடும்.

மற்றபடி நம் வாய்மொழிக்கு வெட்கப்படத் தேவையில்லை. பேச்சு வழக்குகளில் எழுத்துத் தமிழுக்கு மிக நெருங்கியது மட்டக்களப்பு வழக்கு என்று எழுதியவர் செக் நாட்டுத் தமிழறிஞர் கமில் சுவெலபில். புலம்பெயர்ந்த நம்மவர் கூடும் ரொறன்ரோ மண்டபத்தில், இடம் பார்த்து ‘என்னகா மனே’ என்று ஒரு ஊர்ப்பேச்சு விழுந்தால் பின்வரிசையும் நிமிரும். மூன்றாவது தரம் சொன்னால் பகிடி பழசு.

மைக். வாய்க்கும் அதற்கும் நாலு விரலிலிருந்து ஒரு சாண் வரை இடைவெளி. அதைவிட நெருங்கினால் குரல் கனத்துக் குழம்பும், ‘ப’ வரும்போதெல்லாம் காற்று குண்டுபோல் வெடிக்கும். வாய்க்கு நேரே வைக்காமல் சற்றுக் கீழே சரித்துப் பிடித்தால் அந்தக் காற்று மேலால் போய்விடும். மைக்கின் தலையைப் பொத்திப் பிடித்தாலும் ஸ்பீக்கருக்கு முன்னால் போய் நின்றாலும் மைக் கூவும். ஊதிப் பார்க்க வேண்டாம், பேசிப் பாருங்கள். ஊர்க் கோயில் வீதிகளில் குழாய் ஸ்பீக்கர் என்றால் இன்னொரு சங்கடம் உண்டு. ஒலி செக்கனுக்கு ஏறக்குறைய 340 மீற்றர் போகும். 100 மீற்றர் தள்ளிக் கட்டிய குழாயின் சத்தம் 0.3 செக்கன் பிந்தி வந்து, அடுத்த சொல்லின் மேல் ஏறும். அங்கே சொற்களுக்கு நடுவே இடம் விட்டுப் பேசுவதைத் தவிர வேறு வழியில்லை.

நம் ஒன்றுகூடல்களில் நேரத்தைத் தின்பது விளிப்பு. எட்டுப் பேரைப் பட்டம் பதவியோடு விளித்தால் ஒரு நிமிடம் போய்விடும். தலைவர், சபையோர் இரண்டும் போதும். மற்றவர்களை அறிவிப்பாளர் ஏற்கெனவே சொல்லியிருப்பார்.

பேரப்பிள்ளைகளின் பேச்சுத்தான் இப்போது எல்லா விழாவிலும் இருக்கிறது. ஆங்கில எழுத்தில் தமிழை எழுதிக் கொடுக்கிறார்கள். அதில் ல, ள, ழ மூன்றும் பெரும்பாலும் ஒரே எழுத்து, குறிலும் நெடிலும் ஒன்று. பிள்ளை ‘பல்லி’ என்பதும் ‘பள்ளி’ என்பதும் ஒன்றாய்த்தான் கேட்கும். தாளை எடுத்துவிடுங்கள். அம்மம்மா வட்ஸ்அப்பில் வசனத்துக்கு ஒரு குரற்பதிவாக, அவசரமில்லாமல் அனுப்பட்டும். பிள்ளை கேட்டு, திருப்பிச் சொல்லி, பதிவு செய்து திருப்பி அனுப்பட்டும். ஒரு நாளைக்கு மூன்று வசனத்துக்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு வசனத்தின் பொருளையும் பிள்ளை தனக்குத் தெரிந்த மொழியில் சொல்லத் தெரிந்த பிறகே அடுத்ததற்குப் போக வேண்டும். இல்லாவிட்டால் அழுத்தம் எங்கே விழ வேண்டுமென்று தெரியாமல் எல்லாச் சொல்லும் ஒரே தட்டில் வரும்.

விழா அன்று, பிள்ளையின் பெயரைச் சொல்லுமுன் யாராவது ஒருவர் போய் மைக் ஸ்டாண்டைப் பிள்ளையின் நாடி மட்டத்துக்கு இறக்கி வையுங்கள். ஏழு வயதுப் பிள்ளை குதிக்காலில் நின்றுகொண்டு மூச்செடுக்க முடியாது.