டம்ப் ரோப்பில் ஒரு சாண்

கயிற்றில் தொங்கும் பக்கெட்டை இழுத்து மண் அள்ளும் வண்டிதான் டிராக்லைன். பழைய டிராக்லைன் ஓடுவதை வேடிக்கை பார்ப்பவர்களின் கண் பூம் என்னும் நீண்ட கையிலும் இன்ஜினிலும்தான் இருக்கும். பக்கெட்டுக்கு மேலே தொங்கும் சின்னக் கப்பியை யாரும் கவனிப்பதில்லை. வேலை கெடுவது பெரும்பாலும் அங்கேதான்.

இங்கிலாந்தின் லிங்கன் நகரில் ரஸ்டன்-புசைரஸ் நிறுவனம் செய்த 22-ஆர்பி டிராக்லைனை எடுத்துக்கொள்வோம். பக்கெட் முக்கால் கன கெஜம், அதாவது ஏறக்குறைய 0.57 கன மீட்டர் கொள்ளும் வகை வண்டி. மண் அள்ள ஹைட்ராலிக் கிடையாது. டிரம், கிளட்ச், பிரேக், வயர் ரோப், அவ்வளவுதான். ஹாய்ஸ்ட் ரோப் தூக்கும், டிராக் ரோப் வண்டியை நோக்கி இழுக்கும். பக்கெட்டைக் கவிழ்க்கும் டம்ப் ரோப்பின் ஒரு முனை, பக்கெட்டை டிராக் ரோப்போடு இணைக்கும் டிராக் செயின்கள் சேருமிடத்தில் இருக்கும். மறுமுனை அந்தச் சின்னக் கப்பி மேலேறி வந்து பக்கெட்டின் வாய்க்கு மேலுள்ள வளைவில் மாட்டியிருக்கும். டிராக் ரோப் விறைப்பாக இருக்கும்வரை பக்கெட்டின் வாய் நிமிர்ந்து நிற்கும். டிராக்கைத் தளர்த்தினால் வாய் கவிழ்ந்து மண் கொட்டும்.

டம்ப் ரோப் ஒரு சாண் கூடினால் தூக்கும்போதே வாய் தொங்கி, பாதி மண் வழியில் உதிரும். குறைந்தால் வாய் வானத்தைப் பார்க்கும்; கொட்டுமிடத்தில் முழுதாகக் கவிழாது.

பக்கெட்டின் நீளத்தைப் போல மூன்று மடங்கு இழுப்பதற்குள் மண் நிறைந்துவிட வேண்டும். அதற்கு மேல் இழுத்தால் ரோப்பும் டீசலும்தான் தேயும். நிறையவில்லையா, முதலில் பல்லைப் பாருங்கள், மழுங்கியிருக்கும். பல் சரியாக இருந்தும் வழுக்கினால் டிராக் செயினைப் பக்கெட்டில் அது மாட்டும் மேல் துளைக்கு மாற்றுங்கள். பல் சாய்ந்து இறங்கும். இளகிய மண்ணுக்குக் கீழ்த் துளை போதும்.

டிராக் ரோப் மண்ணில் உரசியே வாழ்வதால் பக்கெட் பக்கத்து முனை முதலில் தேயும். அந்த முனையை மட்டும் வெட்டிவிட்டு மறுபடி வெட்ஜ் சாக்கெட்டில், அதாவது ரோப் முனையை ஆப்பு வைத்து இறுக்கும் கூட்டில், மாட்டலாம். பளு தாங்கும் ரோப், சாக்கெட்டை மாட்டும் ஆணிக்கு நேராக வர வேண்டும். மிஞ்சிய வாலை அதோடு சேர்த்துக் கிளிப் போடுவது பலருக்கும் பழக்கம், ஆனால் தப்பு: ஆப்பு இறுகாது, பளு கிளிப்பின் மேல் ஏறும். முறுக்கின் ஒரு முழுச் சுற்று நீளத்துக்குள் 6 கம்பி, அல்லது ரோப்பை முறுக்கியிருக்கும் புரிகளில் ஒரே புரியில் 3 கம்பி அறுந்திருந்தால் வெட்டி ஒட்டுப்போடாமல் ரோப்பையே மாற்றிவிடுங்கள்.

பூமைக் கெடுக்க இரண்டு வழி உண்டு. ஒன்று, ஹாய்ஸ்டையும் டிராக்கையும் ஒன்றுக்கொன்று எதிராக இறுக்குவது. இன்னொன்று, பல் மண்ணை விட்டு வெளிவரும் முன்பே வண்டியைத் திருப்புவது. பூம் நேராக வரும் பளுவைத் தாங்கும், பக்கவாட்டு இழுப்பைத் தாங்காது. பூமின் குறுக்குக் கம்பி ஒன்று வளைந்திருந்தாலும் சுத்தியலால் தட்டி நேராக்கி ஓட்டாதீர்கள்.