பிடியும் விடுதலும்: பாளையங்கோட்டை ஆய்வகக் குறிப்புகள்

2025 ஜனவரி 6

முதுகலை மாணவிகளுக்கு ஒட்டுண்ணியியல் செய்முறை வகுப்பு இன்று தொடங்கியது. சாயமேற்றிக் கண்ணாடித் தகட்டில் நிலைப்படுத்திய பழைய மாதிரிகளை அலமாரியிலேயே விட்டுவிட்டு, விடுதிச் சமையலறையில் பிடித்த கரப்பான் பூச்சிகளிலிருந்து வகுப்பைத் தொடங்கினேன். பல ஆண்டுகளாக நம் மாணவர்கள் ஒட்டுண்ணிகளை ஊதா நிறப் புள்ளிகளாக மட்டுமே பார்த்துத் தேர்வு எழுதுகிறார்கள். நகர்வதையே தொழிலாகக் கொண்ட ஓர் உயிரை அசைவற்ற நிலையில் மட்டும் காட்டுவது அதைப் பாதி மறைப்பதற்குச் சமம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

நடுக்குடலைப் பிரித்து, உப்புக் கரைசலில் ஒரு துளி எடுத்து, நுண்ணோக்கியின் குறைந்த உருப்பெருக்கத்தில் வைத்ததும் கிரகரைன்கள் தெரிந்தன. இவை பூச்சிக் குடலில் வாழும் ஒட்டுண்ணிகள்; ஒரே ஒரு செல்லால் ஆனவை, ஆனால் பெரியவை. முன்னும் பின்னுமாக இரண்டு இணைந்து, ஒன்றின் பின்புறத்தை மற்றொன்று பற்றியபடி ஒரே உடலைப் போல வழுக்கிச் சென்றன. அவற்றுக்கு நீந்த உதவும் நீண்ட கசையிழையும் இல்லை, குட்டை மயிர் போன்ற குற்றிழையும் இல்லை. உடல் நெளியவும் இல்லை. அதே பூச்சியின் பின்குடலில் நிக்டோதீரஸ் என்னும் மற்றோர் ஒருசெல் உயிரி உடல் முழுதும் குற்றிழைகள் அசையத் துரிதமாக நீந்திக்கொண்டிருந்தது. அதை ஓட்டுவது டைனீன் என்னும் மோட்டார் புரதம். 1960-களில் இயான் கிப்பன்ஸ் டெட்ராஹைமினா என்ற நன்னீர் உயிரியின் குற்றிழைகளில் கண்டறிந்தது. நிக்டோதீரஸ் எப்படி நகர்கிறது என்பது கண்ணுக்கே தெரிகிறது. கிரகரைன் நகர்கிறது, ஆனால் அதை நகர்த்துவது எதுவென்று தெரியவில்லை. “மேடம், இதைத் தள்ளுவது எது?” என்று ஒரு மாணவி கேட்டார். இந்தப் பருவம் முழுவதும் அந்தக் கேள்வியோடு இருக்க எண்ணுகிறேன்.

2025 ஜனவரி 8

கிரகரைன்கள் மலேரியாவின் பிளாஸ்மோடியத்துக்கும் மனிதரையும் விலங்குகளையும் தொற்றும் ஒருசெல் ஒட்டுண்ணியான டாக்சோபிளாஸ்மாவுக்கும் உறவினர்கள்; மூன்றும் ஏபிகாம்ப்ளெக்சா என்னும் பெருந்தொகுதியைச் சேர்ந்தவை. இந்த வழுக்குநகர்வைப் பற்றி நாம் அறிந்தவற்றில் பெரும்பகுதி டாக்சோபிளாஸ்மாவை ஆராய்ந்ததால் கிடைத்தது. 1997-ல் அதனுள், தசையைச் சுருக்கும் மோட்டார் புரதமான மையோசினின் ஒரு புதுவகைக் குடும்பம் கண்டறியப்பட்டது. தசையில் இருக்கும் மையோசினுக்கு நீண்ட வால் உண்டு. இந்தப் புதுக் குடும்பத்தின் மையோசின் ‘ஏ’-க்கு வால் என்று சொல்லத்தக்க பகுதி மிகக் குறைவு. ஆனாலும் அது வேகத்தில் குறைந்ததன்று. 2002-ல் வெளிவந்த அளவீட்டின்படி அதன் ஓர் அடி சுமார் 5.3 நானோமீட்டர், சோதனைக் கண்ணாடியின்மீது ஆக்டின் என்னும் புரத இழைகளை அது நொடிக்கு ஏறத்தாழ 5 மைக்ரோமீட்டர் வேகத்தில் ஓட்டியது.

அந்த மோட்டார் இருக்குமிடம்தான் வியப்பு. ஒட்டுண்ணியின் வெளிச்சவ்வுக்கு அடியில் மற்றொரு தட்டையான சவ்வடுக்கு உள்ளது. மையோசின் அதில் நங்கூரமிட்டு நிற்கிறது. இரண்டு சவ்வுகளுக்கும் நடுவே உள்ள மிகக் குறுகிய இடைவெளியில் குட்டையான, எளிதில் கலைந்துவிடும் ஆக்டின் இழைகள் கிடக்கின்றன. வெளிச்சவ்வை ஊடுருவி நிற்கும் பற்றுப்புரதங்கள் ஒரு முனையால் வெளியே உள்ள தரையையும், மறுமுனையால், இடையில் நிற்கும் ஓர் இணைப்புப் புரதத்தின் வழியாக, அந்த ஆக்டினையும் பிடித்துக்கொள்கின்றன. மையோசின் ஆக்டினைப் பின்னோக்கித் தள்ளுகிறது. ஆனால் பிடி தரையில் ஊன்றியிருப்பதால் அது பின்னே போக முடியாது. அதற்கு மாறாக உடலே முன்னே போகிறது. நம் பக்கத்துப் பனையேறி மரத்தைக் கட்டிப் பிடித்து உந்தும்போது கை மரத்தில் நின்ற இடத்திலேயே நிற்க, அவரது தலைக்கு மேலிருந்த கை நெஞ்சளவுக்கு வந்துவிடுவதைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். மரத்தைப் பொறுத்தவரை கை அசையவில்லை, உடலைப் பொறுத்தவரை கை கீழிறங்கியது.

ஒட்டுண்ணி முன்னேற முன்னேறப் பிடிகள் அதன் பின்முனையில் வந்து சேர்கின்றன. அங்கே சவ்வுக்குள் இருக்கும் ஒரு நொதி பற்றுப்புரதத்தை வெட்டி விடுவிக்கிறது. மோட்டாரைப் பற்றி எழுதுபவர்கள் இந்த விடுவிப்பைப் பெரும்பாலும் ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். எனக்கோ பிடிப்பதும் விடுவதும் மோட்டாருக்கு இணையான வேலையாகவே தெரிகின்றன.

2025 ஜனவரி 13

நாளை பொங்கல். விடுதி காலியாகிவிட்டது; பூச்சிகளை உலர்ந்த தீவனத்தோடு பெட்டிக்குள் வைத்துவிட்டு வீடு திரும்பினேன். பேருந்தில் வரும்போது பிசான நெல் கதிர் வாங்கி நின்றது.

2025 ஜனவரி 17

முன்னீர்பள்ளத்தில் உறவினர் ஒருவர் வளர்க்கும் கலப்பினப் பசு சில நாட்களாகக் கடும் காய்ச்சலோடு தீனி எடுக்காமல் இருந்தது. நிணநீர்க் கணுக்களும் வீங்கியிருந்தன. கால்நடை மருத்துவர் இரத்தத்தைப் பார்த்து, உண்ணி பரப்பும் ஒருசெல் ஒட்டுண்ணியான தைலேரியா என்று உறுதிசெய்து, பூபார்வகுவோன் ஊசி போட்டிருந்தார். இன்று பசு வைக்கோலைத் தொடத் தொடங்கியிருந்தது. பெரியவர் தொழுவத்தில் உண்ணி பொறுக்கிக்கொண்டே, “இத்துனூண்டு உசுரு, எப்படிம்மா ஒரு மாட்டையே சாய்ச்சிப்புடுது?” என்று கேட்டார்.

“அது தானாக நடந்து போவதே இல்லை, பெரியப்பா. மாட்டின் செல்லே அதைச் சுமக்கிறது” என்றேன்.

அவரிடம் சொன்னதை இங்கே சற்று விரித்து எழுதுகிறேன். உண்ணி கடிக்கும்போது உள்ளே செல்லும் தைலேரியாவின் தொற்றுநிலைச் செல்களான ஸ்போரோசோயிட்டுகள், பிளாஸ்மோடியத்தின் ஸ்போரோசோயிட்டுகளைப் போல வழுக்கிச் செல்வதில்லை. தலை எந்தப் பக்கம் இருந்தாலும் வெள்ளணுவின்மீது ஒட்டி, சவ்வோடு சவ்வு பொருந்த உள்ளிறங்குகின்றன. இங்கே பற்றுதல் மட்டுமே உண்டு, ஓட்டம் இல்லை. உள்ளே போனதும் அந்த ஒட்டுண்ணி வெள்ளணுவின் உட்சட்டகமான நுண்குழல்களைத் தன் மேற்பரப்பில் பற்றிக்கொள்கிறது. வெள்ளணு பிரியும்போது, அதன் குரோமோசோம்களைப் பிரிக்கும் கதிர்க்கோலே ஒட்டுண்ணியையும் இரண்டாக்கி இரு சேய்ச்செல்களுக்கும் பகிர்ந்து கொடுக்கிறது. பிளாஸ்மோடியத்தோடு ஒரே தொகுதியைச் சேர்ந்த ஓர் உயிர், பயணத்தின் இந்தப் பகுதிகளில் தன் மோட்டாரைக் கொண்டு ஓடாமல், தனக்கு இடமளிக்கும் விருந்தோம்பிச் செல்லின் இயந்திரத்தைத் தன் வேலைக்கு அமர்த்திக்கொள்கிறது. முதுகலைப் பாடநூல்கள் இரண்டையும் அடுத்தடுத்த பக்கங்களில் வைத்தும் இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் விடுவது எனக்கு வருத்தம் தருகிறது.

2025 ஜனவரி 22

இன்று கரும்பலகையில் 1996-ஆம் ஆண்டின் ஒரு சோதனையை வரைந்து விளக்கினேன். எனக்குத் தெரிந்த சோதனைகளில் இவ்வளவு தெளிவான சிந்தனை கொண்டவை சிலவே. சைட்டோகலேசின் டி என்னும் மருந்து ஆக்டின் இழைகள் வளரவிடாமல் தடுக்கும். அதைக் கொடுத்தால் டாக்சோபிளாஸ்மா மனிதச் செல்லுக்குள் நுழைவதில்லை. ஆனால் மருந்து இரு தரப்பின் ஆக்டினையும் தாக்குமே, நுழைவுக்குத் தேவைப்பட்டது யாருடைய ஆக்டின்? டொப்ரொவொல்ஸ்கி, சிப்லி என்னும் ஆய்வாளர்கள் மருந்துக்கு மசியாத விகாரச் செல்களையும் மருந்துக்கு மசியாத விகார ஒட்டுண்ணிகளையும் எடுத்துக்கொண்டார்கள். விருந்தோம்பிச் செல் மருந்தைத் தாங்கினாலும் ஒட்டுண்ணி தாங்காவிட்டால் நுழைவு நடக்கவில்லை. ஒட்டுண்ணி தாங்கினால், விருந்தோம்பியின் ஆக்டின் முடங்கியிருந்தாலும் நுழைவு நடந்தது. ஆக, செல் அதை விழுங்கவில்லை; ஒட்டுண்ணியே தன் ஆக்டினைக் கொண்டு உள்ளே புகுகிறது. மாணவிகள் நான்கு கட்டங்கள் கொண்ட அட்டவணையைத் தாங்களாகவே நிரப்பி, இந்த முடிவை நான் சொல்லும் முன்பே சொன்னார்கள்.

அடுத்த ஆண்டே பிடியின் பக்கமும் வெளிச்சத்துக்கு வந்தது. எலிகளுக்கு மலேரியா தரும் பிளாஸ்மோடியத்தில் ‘ட்ராப்’ என்ற பற்றுப்புரதத்தின் மரபணுவை நீக்கியபோது ஸ்போரோசோயிட்டுகள் வழுக்கி நகரும் திறனையும் தொற்றும் திறனையும் இழந்தன. மோட்டார் இருந்தும் பிடி இல்லாமல் பயணம் இல்லை.

2025 ஜனவரி 27

மையோசின் ‘ஏ’ இல்லாமல் ஒட்டுண்ணி வாழுமா என்ற விவாதத்தை இரவு வெகுநேரம் படித்தேன். 2002-ல் அதன் உற்பத்தியை அடக்கிப் பார்த்தவர்கள், வழுக்குநகர்வும் செல்லுக்குள் நுழைவதும் முடங்குவதைக் கண்டார்கள். 2013-ல் அந்த மரபணுவையே நீக்கியபோது டாக்சோபிளாஸ்மா தளர்ந்தாலும் உயிரோடு இருந்து, பெருகவும் செய்தது. அப்படியானால் மோட்டார் கோட்பாடே தவறா என்று பலர் ஐயுற்றார்கள். மறு ஆண்டில் ஒரு விடை கிடைத்தது: வழக்கமாகப் பின்முனையில் இருக்கும் மையோசின் ‘சி’, ‘ஏ’ இல்லாதபோது அதன் இடத்தில் வந்து வேலை செய்கிறது. வெப்பமண்டல மலேரியாவின் பிளாஸ்மோடியம் ஃபால்சிபாரத்திலோ நிலைமை வேறு. மையோசின் ‘ஏ’ இல்லாவிட்டால் சிவப்பணுக்களைத் தாக்கும் அதன் மீரோசோயிட் நிலை சிவப்பணுவுக்குள் புகுவதில்லை என்று 2019-ல் காட்டினார்கள். அதே ஆய்வு, அந்த மையோசினின் ஒரு குறிப்பிட்ட இடத்தில் பாஸ்பேட் சேரும்போது வேகமும், சேராதபோது விசையும் மேலோங்குவதாகக் கூறுகிறது. தோலுக்குள் விரைந்து செல்லவும் சிவப்பணுவின் சவ்வை நெருக்கிப் புகவும் ஒரே மோட்டார் இரு விதமாகச் சரிசெய்யப்படுகிறது என்பது எனக்கு மிகவும் நிறைவளித்த செய்தி.

இந்த விவாதத்தில் நான் எடுக்கும் நிலை இதுதான்: தள்ளும் விசையை மையோசின் தருகிறது என்பதில் இனி ஐயம் கொள்ள இடமில்லை, ஆனால் பயணத்தின் வேகத்தைத் தீர்மானிப்பது மோட்டார் மட்டுமன்று. ஸ்போரோசோயிட்டுகளைக் கண்ணாடியில் நுணுகிப் பார்த்த 2009-ஆம் ஆண்டின் ஆய்வு, அவை தனித்தனி இடங்களில் ஒட்டியும் விலகியும் இடைவிட்டு நகர்வதையும், பிடி தோன்றி மறையும் வீதமே வேகத்தை ஆள்வதையும் காட்டியது. டாக்சோபிளாஸ்மாவில், ஆக்டினும் மையோசினும் மேற்பரப்பில் ஒட்டுவதற்கே பெரிதும் உதவுகின்றன என்று 2017-ல் ஒரு குழு எழுதியது. இவ்விரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் படம் முழுமையாகும்.

2025 பிப்ரவரி 3

கிரகரைன் பக்கம் திரும்பினோம். 1894-ல் ஷெவியகோஃப் என்னும் ஆய்வாளர் சீன மையின் துகள்கள் கலந்த நீரில் கிரகரைன்களை விட்டு, அவற்றின் பின்னே வழவழப்பான தடம் நீள்வதைக் கண்டு, அந்தக் கசிவே உடலை முன்னே தள்ளுகிறது என்று கருதினார். இந்தியன் இங்க் எனப்படும் வரைமையை மிக நீர்க்கக் கலந்து நாங்களும் பார்த்தோம். தடம் உண்மையில் தெரிந்தது. ஆனால் அதைவிட முக்கியமாக, உடலின் பக்கவாட்டில் ஒட்டிய சில துகள்கள் பின்முனையை நோக்கி ஊர்ந்தன. பிற்காலத்தில் நுண்மணிகளை ஒட்டிப் பார்த்தவர்களும் இதையே கண்டார்கள். கசிவு, உந்துவதற்கானது அன்று, ஒட்டுவதற்கானது என்று நான் எண்ணுகிறேன்.

ஆயினும் கிரகரைனை டாக்சோபிளாஸ்மாவின் பெரிய நகலாகக் கொள்ளக் கூடாது. கடல் இறாலின் உறவினமான லாப்ஸ்டரின் குடலில் வாழும் கிரகரைன்களின் மரபணுத்தொகுதி 2022-ல் வெளிவந்தபோது, வழுக்கும் இயந்திரத்தின் உறுப்புகளில் ஒரு பகுதியே அவற்றில் ஒத்திருந்தது. அவற்றின் மேற்பரப்பில் நீளவாக்கில் ஓடும் நூற்றுக்கணக்கான நுண்மடிப்புகளுக்கும் இதில் பங்கு இருக்க வேண்டும்.

2025 பிப்ரவரி 6

மாணவிகள் கண்ணாடி அளவுகோலை வைத்துக் கைப்பேசியில் காட்சிகளைப் பதிவு செய்திருக்கிறார்கள். அடுத்த வாரம் ஒவ்வொரு காட்சிச் சட்டமாக நிறுத்தி, உடல் முன்னே செல்லும் வேகத்தையும் உடலைப் பொறுத்துத் துகள் பின்னே செல்லும் வேகத்தையும் தனித்தனியே அளக்கப் போகிறோம். தரையில் ஊன்றிய பிடி நழுவாமல் இருந்தால் இரண்டும் ஏறத்தாழ சமமாக இருக்க வேண்டும். துகள் விரைந்து ஓடி உடல் தங்கினால், பிடி நழுவுகிறது என்று பொருள். இணைந்து செல்லும் சோடிகளில் முன்னே செல்வதை முதலில் அளப்பதா, பின்னே வருவதை முதலில் அளப்பதா என்று இன்று மாலைவரை அவர்களுக்குள் பேச்சு நடந்தது. இரண்டையும் ஒரே காட்சியில் அளக்கச் சொல்லியிருக்கிறேன்.