26 அடிப் படகுக்கு அலுமினிய ட்ரெய்லர்: கையைக் கடிக்காமல் வாங்கிய கதை

எங்கள் படகு 26 அடி ஃபைபர். பின்னால் 150 குதிரைச் சக்தி அவுட்போர்ட் இன்ஜின் இரண்டு. நாலு பேர் கூட்டாகப் போட்டு வாங்கியது. வாங்கிய நாளிலிருந்து தண்ணீரில்தான் கட்டி வைத்திருந்தோம். சிங்கப்பூர்க் கடல் வருடம் முழுக்க வெதுவெதுப்பாக இருப்பதால், படகில் ஒட்டி வளரும் சிப்பி மாதிரியான கொட்டலசுக்குக் கொண்டாட்டம். கொஞ்ச நாள் ஓட்டாமல் விட்டால் அடிப்பக்கம் முழுக்க ஒட்டிக்கொண்டு வேகம் விழும், பெட்ரோல் பறக்கும். மேலே தூக்கிச் சுரண்டி அடிப் பெயிண்ட் அடிக்க ஒவ்வொரு முறையும் நாலு பேரும் பர்ஸைத் திறக்க வேண்டும். அதனால் எங்கள் படகு கிளப்பில், படகைத் தரையில் நிறுத்தி வைக்கும் இடம் ஒன்று காலியானதும் யோசிக்காமல் கேட்டு வாங்கிவிட்டோம். இடம்தான் அவர்களுடையது. ட்ரெய்லர் நாம் கொண்டுவர வேண்டும்.

தேட ஆரம்பித்ததும் கண்ணில் படுவதெல்லாம் அமெரிக்க, ஆஸ்திரேலிய விளம்பரங்கள்தான். அங்கே படகை வண்டிக்குப் பின்னால் மாட்டி நெடுஞ்சாலையில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் இழுத்துக்கொண்டு போவார்கள். விலையில் பெரும்பகுதி அந்த ஓட்டத்துக்காகப் போகிறது: எல்லாச் சக்கரத்துக்கும் பிரேக், விளக்கு, வேகத்தைத் தாங்கும் டயர். அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்களில் தனி அனுமதி இல்லாமல் போக 8 அடி 6 அங்குலம்தான் அகல வரம்பு, ட்ரெய்லர் சட்டகத்தின் அளவே அதை வைத்துத்தான் தீர்மானமாகிறது. எங்களுக்கு என்ன வேலை? கிளப் டிராக்டர் வந்து மாட்டும், சறுக்குமேடை வரை இழுக்கும், தண்ணீரில் இறக்கும், சாயந்திரம் திரும்ப ஏற்றும். மொத்த ஓட்டமே கிளப் கேட்டுக்குள்தான்.

இங்கே ட்ரெய்லரைப் பொதுச்சாலையில் இறக்கினால் நிலப் போக்குவரத்து ஆணையத்தில் பதிவு, நம்பர் பலகை, சோதனை எல்லாம் உண்டு. போதாததற்கு, இந்த எடையை இழுக்கத் தகுந்த வண்டியும் வேண்டும். எங்களிடம் இருக்கும் கார்களை வைத்துக் கனவுகூடக் காண முடியாது. கூட்டாளி ஒருவருக்கு மட்டும் படகை மலேசியாவில் இருக்கும் மெர்சிங் வரை சாலையில் இழுத்துப் போக வேண்டும் என்று ஆசை. அவர் கேட்ட ட்ரெய்லர் வேறு, எங்களுக்குத் தேவைப்பட்ட ட்ரெய்லர் வேறு. எப்போதாவது படகை வேறு பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தால் கிரேன் வைத்த லாரியை வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லி அவரை ஒருவழியாகச் சமாதானப்படுத்தினோம். பட்ஜெட்டில் பாதிச் சுமை அங்கேயே இறங்கிவிட்டது.

அடுத்தது எடை. படகு விற்பவர் தரும் கையேட்டில் இருக்கும் எடையை நம்பி ட்ரெய்லர் வாங்கக் கூடாது. எங்கள் கையேட்டில் 2,100 கிலோ என்று இருந்தது. இன்ஜின் இல்லாத வெறும் கூட்டின் எடை அது. அவுட்போர்ட் ஒன்று சுமார் 220 கிலோ என்றால் இரண்டும் 440. பெட்ரோல் லிட்டருக்கு முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு, டேங்க் 400 லிட்டர் பிடிக்கும். பேட்டரிகள், நங்கூரச் சங்கிலி, மேற்கூரை, முந்தைய உரிமையாளர் ஆணியடித்துவிட்டுப் போன அலமாரிகள் எல்லாம் தனி. பழைய படகு என்றால் தளத்துக்கு அடியில் இருக்கும் நுரை தண்ணீர் குடித்து ஊறியும் இருக்கலாம். கூட்டிப் பார்த்துக் கணக்குப் போடுவதைவிட எடை போட்டுவிடுவது உத்தமம்.

அடுத்த பெயிண்டுக்குப் படகைத் தூக்கும்போது கிரேன் கொக்கிக்கும் பட்டைக்கும் நடுவில் டிஜிட்டல் தராசு ஒன்றை மாட்டச் சொன்னோம். அதற்கென்று தனியாகக் காசு கேட்டார்கள், கொடுத்தோம். படகு தண்ணீரை விட்டு எழுந்ததும் எண்கள் தாறுமாறாக ஓடின. அடியிலிருந்து தண்ணீர் வடிய வடிய எண் இறங்கிக்கொண்டே வந்தது. படகின் ஆட்டம் நின்றபோது 3,180. பெட்ரோல் பாதிதான் இருந்தது. முழு டேங்க், குடிநீர், ஐஸ் பெட்டி எல்லாம் சேர்த்தால் 3,400 என்று எழுதிக்கொண்டேன். கையேட்டை நம்பியிருந்தால் ஒரு டன்னுக்கு மேல் வித்தியாசம்.

இந்த எண் கையில் இருந்ததால்தான் ஒரு விற்பனையாளரிடம் ஏமாறாமல் தப்பித்தோம். “நாலு டன் ட்ரெய்லர், உங்க படகு 3.4, தாராளமா தாங்கும்” என்றார். ட்ரெய்லரின் அதிகபட்ச எடை என்று தகட்டில் குத்தியிருப்பது ட்ரெய்லரின் சொந்த எடையும் சேர்ந்தது. அந்த மாடல் 650 கிலோ இருக்கும். இரண்டையும் கூட்டினால் 4,050, அதாவது முதல் நாளே வரம்பைத் தாண்டியிருக்கும். தகட்டில் இருக்கும் எண்ணிலிருந்து ட்ரெய்லரின் எடையைக் கழித்து, மிச்சத்தில் எட்டில் ஒரு பங்காவது கைவசம் வைத்துக்கொண்டு வாங்குங்கள். அமெரிக்க ட்ரெய்லர்களில் எல்லாம் பவுண்டு கணக்கு. நாங்கள் கடைசியில் எடுத்தது 10,000 பவுண்டு, அதாவது 4,536 கிலோ. இரண்டு அச்சு.

அலுமினியமா இரும்பா என்ற விவாதம் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஓயாமல் ஓடியது. சாதாரணப் பெயிண்ட் அடித்த இரும்பை விட்டுவிடுங்கள், உப்புத் தண்ணீரில் அது நிற்காது. நல்ல கனமாகத் துத்தநாகம் முக்கி எடுத்த இரும்பு உண்மையிலேயே உறுதியானது, எங்களுக்கு வந்த விலைகளில் கால் பங்கு மலிவும்கூட. அலுமினியத்தின் அடர்த்தி இரும்பில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்குதான். அதற்காக ட்ரெய்லரும் மூன்றில் ஒரு பங்கு எடையில் வந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். வளையாமல் நிற்கும் தன்மையும் அதற்கு மூன்றில் ஒரு பங்குதான் என்பதால் உத்திரத்தை உயரமாகப் போட வேண்டியிருக்கிறது. போதாததற்கு அச்சும் சக்கரமும் இரும்புதான். நாங்கள் பார்த்தவற்றில் வித்தியாசம் 200 கிலோ சொச்சம். கிளப் டிராக்டருக்கு இது பொருட்டே இல்லை.

அப்படியென்றால் ஏன் அலுமினியம்? இரண்டு காரணம். முதலாவது, ஆங்கில ‘ஐ’ (I) எழுத்து வடிவ உத்திரம். இரும்பு ட்ரெய்லர்களில் நிறைய சதுரக் குழாயில் செய்கிறார்கள். கடல் தண்ணீர் உள்ளே போனால் கழுவ வழியில்லை, உள்ளிருந்தே துருப்பிடித்து வெளியே தெரியும்போது காரியம் முடிந்திருக்கும். ஐ வடிவம் எல்லாப் பக்கமும் திறந்தது, ஹோஸ் பைப்பைப் பிடித்தால் உப்பு முழுக்கப் போய்விடும். எங்கே கெட்டிருக்கிறது என்பதும் கண்ணுக்குத் தெரியும். 6061 என்ற உறுதியான கலப்பு ரக அலுமினியம்தானா என்று மட்டும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இரண்டாவது காரணம்தான் எங்களுக்குக் காசு மிச்சப்படுத்தியது. அலுமினிய ட்ரெய்லர்களில் பெரும்பாலானவை வெல்டிங் இல்லாமல் போல்ட் போட்டு இணைத்தவை. கன்டெய்னரின் உள் அகலம் 2.35 மீட்டர்தான். முழுசாகச் செய்து முடித்த பெரிய ட்ரெய்லர் அதற்குள் போகாது. திறந்த தட்டில் வைத்து அனுப்ப வேண்டும், கூலி எகிறும். வெல்டிங் செய்த இரும்புச் சட்டத்துக்கு அதுதான் கதி. போல்ட் போட்டதைக் கழற்றிக் கட்டாக அடுக்கிவிடலாம். இன்னொருவர் கன்டெய்னரில் மிச்சமிருந்த இடத்தில் எங்களுடையது ஏறி வந்தது. இறக்குமதியில் 9 சதவீத ஜிஎஸ்டி பொருளின் விலைக்கு மட்டும் போடுவதில்லை, கப்பல் கூலியும் காப்பீடும் சேர்ந்த தொகைக்குப் போடுகிறார்கள். ஆகவே கூலி குறைந்தால் வரியும் சேர்ந்தே குறைகிறது. பட்டியல் விலையில் மலிவாகத் தெரிந்த இரும்பு ட்ரெய்லர் கிளப் வாசலுக்கு வரும்போது அலுமினியத்தைத் தாண்டிவிட்டிருந்தது.

பிரேக் வேண்டாம் என்று முடிவு செய்தோம். சறுக்குமேடையில் டிராக்டர்தான் பிடித்து நிறுத்துகிறது, நிறுத்துமிடத்தில் சக்கரத்துக்குக் கட்டை வைத்தால் போதும். உப்புத் தண்ணீரில் முங்கி முங்கி இறுகிப்போன பிரேக்குகளோடு மல்லுக்கட்டும் பக்கத்து இடத்துக்காரர்களைப் பார்த்தபின் அதில் எனக்குத் துளி வருத்தமும் இல்லை. சாலையில் ஓடுவதாக இருந்தால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. மிச்சமான காசைத் துத்தநாகம் முக்கிய அச்சிலும் நல்ல பேரிங்கிலும் போட்டோம். நெடுஞ்சாலையில் ஓடிவந்த ட்ரெய்லரில் சூடான ஹப் (சக்கரத்தின் மையப்பகுதி) தண்ணீரில் இறங்கியதும் சட்டென்று குளிர்ந்து, சீல் வழியாகத் தண்ணீரை உள்ளே இழுத்துவிடும் என்பார்கள். எங்களுக்கு அந்தச் சூடு இல்லை. ஆனால் நனைந்த பேரிங் வாரக்கணக்கில் அசையாமல் நிற்பது அதைவிட மோசம். அதனால் கிரீஸ் துப்பாக்கி படகிலேயே இருக்கிறது.

இணைப்பு விஷயத்தில் ஒரு சின்ன அளவு தொல்லை கொடுத்தது. டிராக்டரில் ட்ரெய்லரின் கொக்கி வந்து கவ்வும் குண்டு 50 மில்லிமீட்டர். ட்ரெய்லரில் வந்தது அமெரிக்க 2 அங்குலக் கொக்கி, அதாவது 50.8. முக்கால் மில்லிமீட்டர்தானே என்று மாட்டினால் லொடலொடக்கும். நாலு டன்னை அப்படி விட முடியாது. கொக்கியையே மாற்றினோம்.

பாகங்களைப் பொருத்தியது துவாஸில் ஒரு சின்னப் பட்டறையில். முதலாளி சீனர், வேலை தெரிந்தவர், அதிகம் பேசமாட்டார். பொருத்தியது ராமநாதபுரம் பக்கத்துத் தம்பி ஒருவர். வீட்டில் இரண்டு தலைமுறையாகப் படகு வைத்திருக்கிறார்கள். அட்டைப்பெட்டியைப் பிரித்ததும் அவர் முதலில் கையில் எடுத்துப் பார்த்தது போல்ட்டைத்தான்.

“அண்ணே, இது எவர்சில்வர். அலுமினியத்துல இப்புடியே போட்டு முறுக்குனா ஓட்டைய சுத்தி வெள்ள மாவா பூத்துரும்.”

“அப்ப என்ன தம்பி செய்யலாம்?”

“ஒட்டாம நடுவுல எதாச்சும் வைக்கணும். இருங்க.”

தடித்த நைலான் தகட்டிலிருந்து வட்ட வட்டமாக வாஷர் வெட்டினார். போல்ட்டின் தண்டுக்கும் பசை தடவித்தான் இறக்கினார். உப்புத் தண்ணீரில் எவர்சில்வரும் அலுமினியமும் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம்தான் கரையும். பெரிய உத்திரத்தில் சின்ன போல்ட் என்பதால் உடனே ஆபத்தில்லை, ஆனால் ஓட்டையைச் சுற்றித்தான் ஆரம்பிக்கும். அச்சில் இருக்கும் துத்தநாகம் அப்படி இல்லை, அது தானே கரைந்து அலுமினியத்தைக் காப்பாற்றும். விற்பனையாளர் கொடுத்த குறிப்புத் தாளில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

படகு உட்காரும் மரப்பலகைகளையும் அவர்தான் வேண்டாம் என்று ஒதுக்கினார். பச்சை சாயம் ஏறியிருந்தது. பூச்சி அரிக்காமல் இருக்கச் செம்பு மருந்து ஏற்றிய மரம் அது. ஈரத்தில் ஊறி அலுமினியத்தோடு உரசிக்கொண்டிருந்தால் அந்தச் செம்பு உத்திரத்தை அரிக்கும். அங்கேயே கிடைத்த பிளாஸ்டிக் பலகையை அறுத்துப் போட்டோம்.

படகை ஏற்றிய அன்று ட்ரெய்லரின் மூக்கை அவர் தோளைக் கொடுத்துத் தூக்கிப் பார்த்தார். அசைந்தது. அசைந்திருக்கக் கூடாது. “அணியத்துல கனமே இல்லண்ணே, எல்லாம் பின்னாடி கெடக்கு” என்றார். மொத்த எடையில் 5 முதல் 10 சதவீதம் வரை கொக்கியில் விழ வேண்டும், எங்கள் கணக்கில் 200 முதல் 400 கிலோ. பின்னால் இரண்டு இன்ஜின் இருப்பதால் விழவில்லை. படகைத் திரும்ப இறக்கி, அச்சுகளைப் பிடித்திருந்த கவ்விகளைத் தளர்த்திப் பின்னால் நகர்த்தி மறுபடி இறுக்கினார். வெல்டிங் செய்த சட்டமாக இருந்தால் கட்டிங் மெஷின் எடுத்திருக்க வேண்டும். திரும்ப ஏற்றி அதே தொங்கு தராசில் மூக்கைத் தூக்கினால் 290 காட்டியது. அவருக்குக் கொடுத்த தனிக்கூலியை வாங்கவே மாட்டேன் என்றார், சட்டைப்பையில் திணிக்க வேண்டியிருந்தது.

இதைக் கேள்விப்பட்டு, பழைய ட்ரெய்லர் கிடைக்கிறது வாங்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். வாங்கலாம், படகை விற்றவர்கள் ட்ரெய்லரை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடுவதும் நடக்கிறது. போனதும் போல்ட் ஓட்டைகளைச் சுற்றி வெள்ளைப் பூத்திருக்கிறதா என்று விரல் நகத்தால் சுரண்டிப் பாருங்கள், சொரசொரப்பாகக் குழி விழுந்திருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். குறுக்குச் சட்டங்கள் உத்திரத்தில் சேரும் இடத்தில் டார்ச் அடித்து விரிசல் பாருங்கள். சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிச் சுற்றினால் கரகரவென்று சத்தம் வரக் கூடாது. டயர் புதுசு மாதிரி மின்னினாலும் பக்கவாட்டில் இருக்கும் நாலு இலக்க எண்ணைப் படியுங்கள்: 2319 என்றால் 2019-ஆம் வருடம் 23-ஆவது வாரம் செய்தது. ஓடாத டயர் தேயாது, வெயிலில் காய்ந்து வெடிப்பு விடும். தகடு இல்லாத ட்ரெய்லர் என்றால் எடை வரம்பு எவ்வளவு என்று விற்பவர் வாயால் சொல்வதை ஏற்காதீர்கள். அச்சு எவ்வளவு தாங்கும் என்பதைப் பெரும்பாலும் அச்சிலேயே குறித்திருப்பார்கள், குனிந்து பாருங்கள்.