கேரியர் இல்லாத வண்டி

ஆகஸ்ட் 3, 2025, ஞாயிறு

மூன்று நாள் சைக்கிள் பயணம், ஏறக்குறைய 280 கிலோமீட்டர். இரண்டு இரவும் அறை எடுத்துத் தங்கப்போகிறோம், அதனால் கூடாரம், அடுப்பு, படுக்கை எதுவும் வேண்டாம். மாற்றுத் துணி, ரிப்பேர் சாமான், சார்ஜர், மழைக்கு ஒரு மேல்சட்டை, அவ்வளவுதான். "முதுகுல மாட்டிக்கிட்டா முடிஞ்சுதுண்ணா" என்கிறான் தம்பி. போன வருடம் அப்படிப் போய்ப் பார்த்திருக்கிறேன். ரோடு பைக் என்கிற இந்த வேக சைக்கிளில் குனிந்தே உட்கார்கிறோம். இரண்டு மணி நேரத்தில் பையின் கனம் கழுத்திலும் உள்ளங்கையிலும் தெரிய ஆரம்பித்துவிடும். முதுகில் காற்றே படாது. முதுகுப்பை கிடையாது.

கேரியர் மாட்டலாம் என்றால் என் ஃபிரேமில் அதற்கான திருகு ஓட்டைகள் இல்லை. சீட்டைத் தாங்கும் தண்டில், அதாவது சீட் போஸ்ட்டில், இறுக்குகிற கேரியர்கள் உண்டு. ஆனால் என்னுடையது கார்பன் போஸ்ட். ஒரே இடத்தில் கவ்வி நெருக்குகிற கிளாம்ப் அதற்கு ஆபத்து. எப்படியோ மாட்டிப் பக்கவாட்டில் பை தொங்கவிட்டாலும் குதிகால் இடிக்கும். பெடல் அச்சிலிருந்து பின்சக்கர அச்சு வரை என் வண்டியில் 41 சென்டிமீட்டர்தான். சுமைக்காகவே செய்த டூரிங் வண்டிகளில் 45 வரை இருக்கும். அந்த நாலு சென்டிமீட்டரில்தான் குதிகால் தப்பிக்கிறது. போதாக்குறைக்கு என் பின்சக்கரத்தில் 24 கம்பிகள். 36 கம்பிச் சக்கரம் தாங்குவதை இதன் தலையில் ஏற்ற மனசு வரவில்லை.

ஆக, சீட்டுக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் நீளப் பை ஒன்று, ஃபிரேம் முக்கோணத்துக்குள் ஒன்று, ஹேண்டில்பாரில் சின்னதாக ஒன்று.

ஆகஸ்ட் 6, புதன்

எல்லாவற்றையும் சமையலறைத் தராசில் வைத்து எழுதினேன். மழைச்சட்டை 210 கிராம். இரண்டு டியூபும் சேர்ந்து 210. பவர் பேங்க் 350. பைகளோடு மொத்தம் 4.2 கிலோ.

நானும் வண்டியும் சேர்ந்து 79 கிலோ. அதன் மேல் 4.2 என்பது ஐந்து சதவீதத்துக்குக் கொஞ்சம் அதிகம். செங்குத்தான ஏற்றத்தில் எடை எவ்வளவு கூடுகிறதோ, ஏறக்குறைய அதே அளவில் நேரமும் கூடும். ஒரு மணி நேரம் ஏறுகிற மலையில் மூன்று நிமிடம். அது எனக்குப் பெரிதாகப் படவில்லை. வேண்டாம் என்று ஒதுக்கி வைத்திருந்த செருப்பை எடுத்துத் திரும்ப உள்ளே வைத்தேன். நாள் முழுக்கக் கிளீட் ஷூவில், பெடலோடு பூட்டிக்கொள்கிற அந்த ஷூவில், இருந்த காலுக்குச் சாயங்காலம் அதைவிட வேறு சுகம் இல்லை.

ஆகஸ்ட் 9, சனி

சுமையோடு 40 கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்தோம். சமதரையில் ஒன்றும் தெரியவில்லை. முதல் ஏற்றத்தில் எழுந்து நின்று மிதித்ததும் பின்னாலிருந்து யாரோ சீட்டைப் பிடித்து இடமும் வலமும் இழுப்பது போல் இருந்தது. நான் வண்டியை இந்தப் பக்கம் சாய்த்தால் பை அரை நொடி தாமதமாக அந்தப் பக்கம் போகிறது. மூன்றாவது மிதியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

கனம் கேட்பது மூன்று நிமிடம். ஆட்டம் என்னை நிற்கவே விடவில்லை. இதுவரை கிராம் கிராமாக எண்ணியதில் இதை யோசிக்கவே இல்லை.

வீட்டுக்கு வந்து பையைக் கழற்றினால் இன்னொன்று. அடியில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குத் துணி தேய்ந்து, கறுத்துப் பளபளத்து, நூல் பிசிர் எழும்பியிருந்தது. குழியில் இறங்கியபோதெல்லாம் டயரில் உரசியிருக்கிறது. சீட்டின் அடிக்கம்பியிலிருந்து டயர் வரை என் வண்டியில் 19 சென்டிமீட்டர். பை நிறைந்தால் அதன் பருமன் 16. மிச்சம் மூன்று இருக்கிறதே என்று நம்பினேன். பை தொய்வதைக் கணக்கில் எடுக்கவில்லை. உயரம் குறைந்தவர்களுக்குச் சீட் தாழ்வாக இருக்கும், இந்த இடைவெளி இன்னும் குறையும். பை வாங்கும் முன் அளந்து பார்க்க வேண்டியது இந்த ஒன்றைத்தான்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

காலை முழுக்க இதே வேலை. நேற்று துணியை உள்ளேயும் கனமான சாமானை வாய்ப் பக்கமும் வைத்திருந்தேன். பையின் வால் நுனியில் கனம் உட்கார்ந்தால் அது ஊசலாடாமல் என்ன செய்யும்? இன்று தலைகீழாக மாற்றினேன். டியூப், டூல், பவர் பேங்க் எல்லாம் சீட் போஸ்ட்டை ஒட்டி ஆழத்தில். துணி வால் பக்கம். முழங்காலால் அழுத்திக் காற்றை வெளியேற்றிவிட்டு வாயைச் சுருட்டினேன். சீட் கம்பியில் போகிற ஸ்ட்ராப்புகளை, பையின் மூக்கு மேலே தூக்குகிற வரை இழுத்தேன். போஸ்ட்டைத் துடைத்துவிட்டு டேப் சுற்றி, அதன் மேல் வெல்க்ரோ. இடையில் மணல் ஒரு துளி மாட்டினாலும் உப்புத்தாள் போல் அறுத்துவிடும்.

பத்து நிமிடம் ஓட்டிவிட்டு இறங்கி மறுபடி இறுக்கினேன். துணி அமர்ந்து விரல் நுழைகிற அளவுக்குத் தளர்ந்திருந்தது. அதன் பிறகு அதே ஏற்றத்தில் நின்று மிதித்தேன். பை வண்டியோடு வண்டியாக வந்தது. அந்த நிமிடம் அவ்வளவு சந்தோஷம்.

ஆகஸ்ட் 13, புதன்

ஹேண்டில்பார் பை வேண்டாம். கேபிள்களை நெருக்குகிறது, கியர் தடுமாறுகிறது. லைட்டையும் மறைக்கிறது. அதிலிருந்ததெல்லாம் ஃபிரேம் பைக்குள் போய்விட்டது. பின்னால் கனம் கூடியதால் பின்டயரில் காற்றை 75-லிருந்து 80 பி.எஸ்.ஐ.க்கு ஏற்றினேன்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

தாமஸ் ஸ்டீவன்ஸ் பற்றித் தம்பியிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். 1884-இல் சான்ஃபிரான்சிஸ்கோவில் கிளம்பி, முன்சக்கரம் ஆள் மார்பளவு உயர்ந்த வண்டியில் 1886 டிசம்பரில் யோகஹாமா போய்ச் சேர்ந்தவர். சைக்கிளில் உலகைச் சுற்றிய முதல் ஆள். கிளம்பும்போது ஹேண்டில்பார் பையில் இருந்தது காலுறை, மாற்றுச் சட்டை ஒன்று, ஒரு மழைக்கோட்டு, ஒரு கைத்துப்பாக்கி. அந்தக் கோட்டுதான் கூடாரம், அதுவே படுக்கை. ஒரே பொருளை மூன்று வேலைக்கு வைத்துக்கொண்ட அந்த மனிதர் மேல் எனக்கு அளவில்லாத மரியாதை. என் மழைச்சட்டையும் சாயங்காலம் குளிர் தாங்கும் என்று தெரிந்ததும் ஸ்வெட்டரை வெளியே எடுத்து வைத்தேன்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

பயணத்தின் முதல் நாள், 98 கிலோமீட்டர். கடைசி 12 முழுக்க ஏற்றம். கியரில் மிக லேசானது முன்னால் 34 பல், பின்னால் 32. போன மாதமே பின்னால் 28 பல் சக்கரத்தைக் கழற்றி 32 போட்டது நல்லதாயிற்று, மிதிக்க லேசாக இருந்தது. வளைவுகளில் எழுந்து நின்று மிதித்தேன், பை அசையவில்லை.

ஓட்டும் உடை ஒரே ஜோடி என்பதால் வந்ததும் அலசி, துண்டுக்குள் வைத்துச் சுருட்டி, அதன் மேல் ஏறி மிதித்துப் பிழிந்தேன். சட்டை படுக்கும் முன்பே காய்ந்துவிட்டது. கால்சட்டைக்குள் இருக்கும் மெத்தை மட்டும் ஈரம். உட்புறம் வெளியே தெரியும்படித் திருப்பி ஃபேனுக்கு நேரே போட்டிருக்கிறேன்.

ஆகஸ்ட் 23, சனி

மழை. 30-ஆவது கிலோமீட்டரில் பின்டயர் பஞ்சர். டியூப் எங்கே? சீட் பையின் ஆழத்தில். நான் ஆசை ஆசையாக வைத்த அதே இடத்தில். ஒரு மரத்தடியில் நின்று செருப்பு, துணி, சார்ஜர் என ஒவ்வொன்றாக எடுத்துத் தம்பி கையில் கொடுத்தேன். அவன் எல்லாவற்றையும் சட்டைக்குள் அணைத்துக்கொண்டு குனிந்து நின்றான். டியூப் கைக்கு வருவதற்குள் மாற்றுத் துணி பாதி நனைந்துவிட்டது.

கனம் போஸ்ட்டை ஒட்டித்தான் இருக்க வேண்டும், அதில் மாற்றமில்லை. ஆனால் பஞ்சர் சாமான் அந்தக் கனமாக இருக்கக் கூடாது. ராத்திரி இரண்டு தண்ணீர் பாட்டில்களில் ஒன்றைக் காலி செய்து, வாயை அகலமாக அறுத்து, டியூப், டயர் லீவர், ஒட்டு, டூல் எல்லாவற்றையும் அதில் போட்டுப் பாட்டில் கூண்டில் செருகிவிட்டேன். குலுங்காமல் இருக்க மேலே ஒரு கைத்துணி. ஃபிரேமிலேயே தாழ்வான இடம் அது, கை நீட்டினால் கிடைக்கும். சீட் பையின் ஆழத்துக்குச் செருப்பும் பவர் பேங்கும் சார்ஜரும் போயின.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

வீடு வந்தாயிற்று. பின்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பார்த்தேன், பெண்டு இல்லை. பையின் அடியில் புதுத் தேய்மானம் இல்லை. கொண்டுபோனதில் தொடாமலே திரும்பியது இரண்டாவது டியூபும் மருந்துப் பொட்டலமும்தான். இரண்டும் அடுத்த முறையும் வரும்.

தம்பி அவன் சீட்டுக்கும் டயருக்கும் நடுவே ஸ்கேலை வைத்து அளந்துகொண்டிருக்கிறான்.