வாழைப்பழத்தை மொய்க்கும் குட்டி ஈ

வாழைச் சீப்பைத் தொட்டதும் குபீரென்று கிளம்பும் குட்டி ஈயைப் பழ ஈ என்கிறோம். வீட்டில் திரியும் எல்லாக் குட்டி ஈயும் அது இல்லை. ஆளைத் தெரிந்துகொள்ளாமல் ஈ பிடிக்க வினிகர் கிண்ணம் வைத்தால் ஒன்றுகூட விழாது.

பழ ஈ சுமார் 3 மி.மீ. நீளம். மஞ்சள் கலந்த பழுப்பு உடம்பு, பெரும்பாலும் செங்கண். மெதுவாக மிதந்து பறக்கும். குளியலறைச் சுவரில் குட்டி அந்துப்பூச்சி போல ரோமத்தோடு ஒட்டியிருப்பது சாக்கடை ஈ. பூந்தொட்டியிலிருந்து கிளம்பும், கொசுவைப் போல நீள்கால் கொண்ட கறுப்புப் பூச்சி ஈரமண்ணில் வளர்வது. மேல்மண் காய்ந்த பிறகே தண்ணீர் ஊற்றினால் குறையும். மாம்பழத்துக்குள் நெளியும் புழுவின் தாயையும் விவசாயத்தில் பழ ஈ என்றுதான் சொல்வார்கள். அது தோப்பிலேயே காய்க்குள் முட்டையிட்டுவிடும் வேறு இனம். சமையலறைப் பொறிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

நம் ஈயின் பெயர் ட்ரோசோஃபிலா மெலனோகாஸ்டர். இதை வைத்துச் செய்த மரபியல் ஆய்வுக்குத்தான் தாமஸ் ஹன்ட் மார்கன் 1933-ல் நோபல் பரிசு பெற்றார். ஆய்வுக்கூடத்துக்கு இது பிடித்துப்போன அதே காரணம்தான் நமக்குத் தலைவலி: 25 டிகிரி வெப்பத்தில் முட்டை ஈயாக 10 நாள் போதும். ஒரு பெண் ஈ நூற்றுக்கணக்கில் முட்டையிடும்.

அதனால் பறப்பதை அடிப்பதைவிட, பிறக்கும் இடத்தைத் தேடுங்கள். பழக்கூடையை எல்லோரும் பார்ப்பார்கள். வெங்காயக் கூடையின் அடியில் அழுகிய ஒன்றே ஒன்றை யாரும் பார்ப்பதில்லை. கிரைண்டருக்கு அடியில் வழிந்து புளித்த மாவு, மிக்ஸி ஜார் மூடியின் ரப்பர் வளையம், ஃப்ரிட்ஜின் பின்புறத் தண்ணீர்த் தட்டு, ஈர மாப், பூஜை அலமாரியில் வாடிய மாலைக்குப் பின்னால் மறந்துபோன தேங்காய் மூடி எல்லாவற்றையும் பாருங்கள். குப்பைக்கூடையின் உட்சுவரில் பழுப்பாகச் சின்ன விதை போல ஒட்டியிருப்பவை கூட்டுப்புழுக்கள். பையை மட்டும் மாற்றினால் அவை அங்கேயே இருந்து ஈயாக வெளிவரும். கூடையைத் தேய்த்துக் கழுவிக் காயவைக்க வேண்டும்.

சிங்க் மேல் சந்தேகமா? கண்ணாடி டம்ளரின் உள்புறம் தேங்காய் எண்ணெய் தடவி, இரவில் ஓட்டையின்மேல் கவிழ்த்து வையுங்கள். காலையில் ஈ ஒட்டியிருந்தால் குழாய்க்குள் குடியிருக்கிறது. உள்ளே படிந்த வழவழப்பில்தான் புழு வளரும். நீளப் பிரஷ்ஷால் சுரண்டினால்தான் அது போகும். பிளீச் மேலாக ஓடிவிடும். பிவிசி குழாயில் கொதிநீர் ஊற்றினால் இணைப்பு இளகும். சோடா உப்பும் வினிகரும் சேர்ந்தால் ஒன்றையொன்று முறித்துக்கொண்டு நுரைப்பதோடு சரி. பிளீச்சையும் வினிகரையும் மட்டும் ஒருபோதும் சேர்க்காதீர்கள், நச்சு வாயு வரும்.

பொறி அதன் பிறகு. கடையில் விற்கும் வெள்ளை வினிகர் வெறும் அசிட்டிக் அமிலமும் தண்ணீரும். ஈ தேடி வருவது பழம் நொதிக்கும் வாசனைக்கு. கனிந்த வாழைப்பழத் துண்டு ஒன்றை மசித்து, ஒரு தேக்கரண்டி சர்க்கரை, நான்கு மேசைக்கரண்டி வினிகர் சேர்த்து டம்ளரில் போடுங்கள். பழம் முழுகும் அளவு தண்ணீர் ஊற்றி, பாத்திரம் கழுவும் திரவம் ஒரே ஒரு சொட்டு விடுங்கள். அது நீரின் மேற்பரப்பு இழுவிசையைக் குறைப்பதால் ஈ மூழ்கும். கூடுதலாக விட்டால் சோப்பு வாசனை பழ வாசனையை அமுக்கிவிடும். காகிதத்தைக் கூம்பாகச் சுருட்டி, நுனியில் பென்சில் முனை அளவு ஓட்டை விட்டு, திரவத்தைத் தொடாமல் டம்ளரில் செருகுங்கள்.

இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். பழம் மேலே மிதந்தால் அதிலேயே முட்டையிட்டு, பொறியே பிரசவ வார்டாகிவிடும்.

வாங்கிய பழத்தைக் கழுவித் துடைத்து வையுங்கள், தோலில் முட்டை வந்திருக்கலாம். கனிந்ததை ஃப்ரிட்ஜில் வையுங்கள். வாழைத்தோல் கறுத்தாலும் உள்ளே கெடாது. பூச்சி ஸ்ப்ரே பறப்பவற்றை மட்டுமே கொல்லும், சாப்பாட்டு மேசைப் பக்கம் அது வேண்டாம்.

எல்லாம் சுத்தமான பிறகும் பத்து நாள்வரை ஓரிரண்டு தென்படும். ஏற்கெனவே பறந்துகொண்டிருந்தவையோ கூட்டுக்குள் இருந்தவையோ அவை. இரண்டு வாரம் கழித்தும் குறையவில்லை என்றால் வெங்காயக் கூடையை இன்னொரு முறை கொட்டிப் பாருங்கள்.